அம்மாவின் போனில் என் தேடல்கள்

அக்காவுக்கு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, மருத்துவர் ஊசி வைத்துத் திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்த வாரம் அது. கோவில்பட்டியில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு இப்போதைக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று நானும் அக்காவும் பேசிவைத்திருந்தோம். முடிவு நல்லதாக வந்தாலும் கெட்டதாக வந்தாலும் நேரில் போய் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. நான்காம் நாள் காலையில், கோயம்புத்தூரில் நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

“ஏய்யா, ஆருக்குக் கட்டி?”

“எந்தக் கட்டிம்மா?”

“போன்ல தேடுற எடத்தத் தொட்டா, ‘மார்பகக் கட்டி எல்லாமே புற்றுநோயா’, ‘பயாப்ஸி முடிவு வர எத்தனை நாள்’னு வரிசையா கெடக்கு. நான் ஒண்ணும் தேடலயே. எங்கிட்ட என்னத்தய்யா மறைக்கீங்க ரெண்டு பேரும்?”

முந்தைய இரவு ஒரு மணி வரை என் மடிக்கணினியில் நான் தேடிய வரிகள் அவை. அம்மாவுக்குப் பின்னால் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்குமே என்று ஆங்கிலத்தில் தேடியதையெல்லாம் தமிழிலும் ஒருமுறை தேடியிருந்தேன். ஆங்கிலத்தோடு நிறுத்தியிருந்தால் அம்மா அவற்றைப் படித்திருக்க மாட்டார். அவருக்காகத் தேடிய தேடல்களே என்னைக் காட்டிக்கொடுத்தன.

கோயம்புத்தூரில் இருக்கும் என் கணினியில் தேடியது கோவில்பட்டி போனுக்கு எப்படிப் போனது என்று புரிய எனக்குச் சில நிமிடங்கள் ஆயின. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தப் போனை வாங்கிய அன்று, அம்மாவுக்கு மின்னஞ்சல் இல்லை; கடைப் பையன் கூகுள் கணக்கு கேட்டான்; பேருந்துக்கு நேரமாகிவிட்டது; என் கணக்கையே போட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். ஒரு தணிக்கை அலுவலகத்தில் நாள் முழுவதும் மற்றவர்களுடைய கணக்கைப் பார்ப்பதுதான் என் தொழில். சொந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதில் கோட்டை விட்டேன். பிள்ளைகளின் கணக்கோடு ஓடிக்கொண்டிருக்கும் பெற்றோர் போன்கள் நம் ஊர்களில் எத்தனையோ இருக்கும். இதைப் படிப்பவர்களில் சிலர் இந்நேரம் ஒரு போனை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அன்று காலை பதற்றத்தில் நான் செய்த முதல் காரியம் தவறானது. மடிக்கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வந்த பெட்டியில் நீல பொத்தானைத் தட்டி, உலாவல் வரலாற்றை அழித்தேன். அம்மாவைக் கூப்பிட்டு மறுபடியும் பார்க்கச் சொன்னேன். அந்த வரிகள் அப்படியே இருந்தன. கால அளவு ‘கடைசி ஒரு மணி நேரம்’ என்று இருந்ததைக் கவனிக்காதது ஒரு பிழை. ‘எல்லா நேரமும்’ என்று மாற்றி மீண்டும் அழித்த பிறகும் அம்மா போனில் ஒன்றும் நகரவில்லை என்பதுதான் எனக்குப் பாடமாக இருந்தது.

உலாவியின் வரலாறு வேறு, கணக்கின் வரலாறு வேறு. எந்தெந்தப் பக்கங்களுக்குப் போனோம் என்பதை உலாவி நம் கணினியில் குறித்துவைக்கிறது. குரோம் அதைச் சுமார் 90 நாட்களுக்குப் பிறகு தானாகவே தள்ளிவிடும். ஆனால் கூகுளில் உள்நுழைந்த நிலையில் நாம் தேடுவது, ‘இணையம் மற்றும் ஆப்ஸ் செயல்பாடு’ என்ற பெயரில் கணக்கோடு சேர்த்து அவர்களுடைய சேவையகத்தில் தனியாகச் சேமிக்கப்படுகிறது. அந்தக் கணக்கு எந்தெந்தச் சாதனத்தில் இருக்கிறதோ அங்கெல்லாம் தேடல் பெட்டியைத் தொட்டதும் அந்தப் பழைய தேடல்கள் எட்டிப் பார்க்கும். நான் அழித்தது முதல் குறிப்பேட்டை. அம்மா படித்துக்கொண்டிருந்தது இரண்டாவதை. அழிக்கும் பெட்டியின் அடியிலேயே, தேடல் வரலாறு உங்கள் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. எத்தனையோ முறை அந்தப் பெட்டியைத் திறந்திருந்தும் அந்த வரியை நான் அன்றுதான் படித்தேன்.

இரண்டாவது குறிப்பேடு இருக்கும் இடத்துக்கு ‘எனது செயல்பாடு’ என்று பெயர். கூகுள் கணக்கின் அமைப்புகளில் ‘தரவு மற்றும் தனியுரிமை’ என்ற பகுதி வழியாக அங்கே போகலாம். நாள்வாரியாகவும் சேவைவாரியாகவும் வடிகட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு வரியாகவோ, ஒரு நாளை மொத்தமாகவோ, குறிப்பிட்ட இரு தேதிகளுக்கு இடைப்பட்டதை முழுவதுமாகவோ நீக்கலாம். அன்று மாலை அலுவலகம் முடிந்ததும் உட்கார்ந்து அந்த ஒரு வாரத்தின் தேடல்களை நீக்கினேன். அதன் பிறகுதான் அம்மாவின் தேடல் பெட்டி சுத்தமானது. அதற்குள் அக்காவே அம்மாவிடம் பேசி, அழுது, எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள்.

சனிக்கிழமை முடிவு வந்தது. சாதாரண நார்க்கட்டி, ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார்கள். அந்த நிம்மதியில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் கணக்கின் குறிப்பேட்டைப் பின்னோக்கி உருட்டிக்கொண்டே போனேன். கல்லூரி நாட்களில் தொடங்கிய கணக்கு அது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தேர்வு முடிவுக்காக ஒரே நாளில் நாற்பது முறை தேடியிருந்தேன். வேலையில்லாமல் இருந்த எட்டு மாதங்களின் தேடல்கள், பெண் பார்க்கப் போவதற்கு முந்தைய இரவின் தேடல்கள், வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்துத் தள்ளுபடியான வாரத்தின் தேடல்கள் எல்லாம் தேதியும் நிமிடமும் போட்டு வரிசையாக இருந்தன. நான் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இல்லாதவன். எனக்காக ஒன்று எழுதப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இப்படிப்பட்ட தேடல் வரிசை ஒன்று கையில் இருந்தால் பெயர்கூடத் தேவையில்லை என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம், ஆய்வாளர்களுக்குப் பயன்படட்டும் என்று, ஏறத்தாழ 6.5 லட்சம் பயனர்கள் மூன்று மாதங்களில் தேடிய சுமார் 2 கோடி தேடல்களைப் பொதுவில் வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் மட்டுமே கொடுத்திருந்தார்கள். ஆனால் நாம் நம் ஊரைத் தேடுகிறோம், நம் குடும்பப் பெயரைத் தேடுகிறோம், நமக்கு இருக்கும் நோயைத் தேடுகிறோம். சில நாட்களுக்குள் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் அந்த எண்களில் ஒன்றுக்கு உரிய வயதான பெண்மணியை அவருடைய வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். என் வரிசையை எடுத்துக்கொண்டால் அவ்வளவு நாள்கூட ஆகாது.

உருட்டிக்கொண்டே போனபோதுதான் என்னுடையவை அல்லாத வரிகள் கண்ணில் பட்டன. ‘முட்டு வலிக்கு நொச்சி இலை’ என்று ஒன்று. ‘கழுகுமலை தைப்பூசம் எப்போ’ என்று ஒன்று. குரலால் தேடப்பட்டவை; எழுத்துப்பிழை இல்லாமல், ஆனால் பேச்சுநடையில் இருந்தன. விவரத்தைத் தொட்டுப் பார்த்தால் ஆண்ட்ராய்டு போன் என்று காட்டியது. அம்மா. நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ‘ராத்திரி நெஞ்சு படபடன்னு அடிக்குது’ என்று மூன்று வெவ்வேறு இரவுகளில், மூன்று முறையும் இரண்டு மணிக்கு மேல் தேடியிருந்தார். ‘பிரஷர் மாத்திரைய நிறுத்துனா என்ன ஆகும்’ என்று இன்னொன்று. நாங்கள் அம்மாவிடம் மறைத்த ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே அம்மா எங்களிடம் ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தார். அதை நான் அவர் அனுமதி இல்லாமல் படித்துவிட்டேன்.

தேடல் தனியுரிமை என்று பேச ஆரம்பித்தாலே எங்கோ இருக்கும் பெரிய நிறுவனங்கள் நம்மை வேவு பார்ப்பதைப் பற்றித்தான் பேச்சு போகிறது. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் என் அனுபவத்தில் முதலில் பார்ப்பது வீட்டில் இருப்பவர்கள்தான். அதற்கு அடுத்தபடி அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்கள். எந்த உலாவி நல்லது என்று கேட்பதற்கு முன், எந்தக் கணக்கு எங்கெல்லாம் திறந்து கிடக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. கூகுள் கணக்கின் ‘பாதுகாப்பு’ பகுதியில் ‘உங்கள் சாதனங்கள்’ என்ற பட்டியல் இருக்கிறது. என்னுடையதில் ஏழு இருந்தன. அதில் ஒன்று, நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் மைத்துனருக்குக் கொடுத்துவிட்ட பழைய போன்.

அன்றே சில மாற்றங்களைச் செய்தேன். ‘இணையம் மற்றும் ஆப்ஸ் செயல்பாடு’ பகுதியில் தானாக நீக்கும் வசதி இருக்கிறது. 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என மூன்று அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2020 ஜூனுக்குப் பிறகு தொடங்கப்பட்ட கணக்குகளில் இது 18 மாதம் என்று முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். அதற்கு முந்தைய கணக்குகளில் நாமாகப் போய் மாற்றினால்தான் உண்டு. நான் 3 மாதம் என்று வைத்தேன். முழுவதுமாக அணைத்தும் விடலாம். அணைத்துப் பார்த்தேன், வரைபடத்தில் பழைய இடங்கள் வராமல் போய், வேலை நிமித்தம் அலைகிற எனக்கு அது இடைஞ்சலாக இருந்ததால் திரும்பப் போட்டுக்கொண்டேன். இது என்னுடைய வசதிக்கான சமரசம். வீட்டில் இருப்பவர்களுக்கு அணைத்துவைப்பதே நல்லது. அதே பக்கத்தில், குறிப்பேட்டைத் திறக்கவே கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி செய்யும் கூடுதல் சரிபார்ப்பு வசதியும் இருக்கிறது. வீட்டில் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால் அதை முதலில் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூகுள் செயலியின் முகப்பில் செய்திகளும் கட்டுரைகளும் வரிசையாக வரும் ‘டிஸ்கவர்’ பகுதியும் கணக்கின் செயல்பாட்டைப் பார்த்துத்தான் கட்டுரைகளைப் பொறுக்குகிறது. அந்த வாரம் அம்மாவின் போனில் கட்டி, புற்றுநோய், சிகிச்சைச் செலவு என்றே கட்டுரைகள் வந்திருக்கின்றன. தேடல் பெட்டியை அவர் தொட்டதே அவற்றைப் பார்த்துப் பயந்த பிறகுதானாம். செயலியின் அமைப்புகளில் டிஸ்கவரை மொத்தமாக அணைக்கலாம்.

வீட்டில் பட்டபின் அலுவலகத்தையும் கவனிக்க ஆரம்பித்தேன். வருமான வரித் தளத்திலிருந்து வாடிக்கையாளரின் ஆண்டுத் தகவல் அறிக்கையைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கினால், அதைத் திறக்கும் கடவுச்சொல் அவருடைய பான் எண்ணைச் சிறிய எழுத்தில் எழுதி, அதன் பின்னால் பிறந்த தேதியைச் சேர்த்ததுதான். ஜூலை மாதத்தில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை இதை நகலெடுத்து ஒட்டுவோம். ஒருநாள் கோப்பின் கடவுச்சொல் பெட்டி என்று நினைத்து உலாவியின் முகவரிப் பட்டையில் ஒட்டி, கை பழக்கத்தில் என்டரும் தட்டிவிட்டேன். ஒரு மனிதரின் பான் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்து ஒரு தேடலாகப் போய்விட்டன. அதோடு முடியவில்லை. மறுநாள் வேறு ஏதோ தேட அதே முதல் எழுத்தைத் தட்டியதும், அந்த முழு வரியும் பட்டையின் கீழ் முதல் பரிந்துரையாக வந்து நின்றது. பக்கத்தில் அந்த வாடிக்கையாளரின் போட்டிக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

அப்படி ஒரு பரிந்துரையை மட்டும் நீக்க, கீழ் அம்புக்குறி விசையால் அந்த வரிக்குப் போய், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு டெலீட்டை அழுத்தினால் போதும். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் இது வேலை செய்கிறது. வரலாறு முழுவதையும் அழிக்க வேண்டியதில்லை. ஆனால் இது கணினியில் இருப்பதைத்தான் நீக்கும். கணக்கிலும் பதிவாகியிருந்தால் அங்கே போய்த் தனியாக நீக்க வேண்டும். மறுபடியும் அதே இரண்டு குறிப்பேடுகள்.

முகவரிப் பட்டை ஒரு விசித்திரமான இடம். முன்பெல்லாம் முகவரி எழுத ஒரு பெட்டி, தேட ஒரு பெட்டி என்று தனித்தனியாக இருக்கும். 2008இல் குரோம் வந்தபோது இரண்டையும் ஒன்றாக்கியது. பின்னர் மற்ற உலாவிகளும் ஏறக்குறைய அந்த வழிக்கே வந்துவிட்டன. வசதிதான். ஆனால் பரிந்துரை காட்ட வேண்டும் என்றால், நாம் என்டர் தட்டுவதற்கு முன்பே, தட்டத் தட்ட, அந்த எழுத்துகள் தேடுபொறிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். எழுதிவிட்டு, வேண்டாம் என்று மனம் மாறி அழித்துவிட்டாலும், எழுதியவரை போனது போனதுதான். குரோமில் ‘நீங்களும் கூகுளும்’ என்ற பகுதிக்குள் ஒத்திசைவு (சிங்க்), கூகுள் சேவைகள் தொடர்பான பக்கத்தில், தேடல் பரிந்துரைகளை மேம்படுத்துவது என்று ஒரு பொத்தான் இருக்கிறது; அதை அணைத்தால் இது நிற்கும். அதன் அருகிலேயே, நாம் போகும் பக்கங்களின் முகவரிகளைக் கூகுளுக்கு அனுப்பித் தேடலையும் உலாவலையும் மேம்படுத்துவதாகச் சொல்லும் இன்னொரு பொத்தானும் உண்டு. அதையும் அணைத்தேன். ஃபயர்பாக்ஸில் அமைப்புகளுக்குள் ‘தேடல்’ பகுதியில் பரிந்துரைகளைக் காட்டும் குறியை எடுத்துவிடலாம். வேண்டுமானால் பழையபடி தனித் தேடல் பெட்டியைக் கருவிப்பட்டையில் சேர்த்துக்கொள்ளவும் முடியும். அலுவலக வேலைக்கு இப்போது ஃபயர்பாக்ஸில் இரண்டு பெட்டிகள் வைத்திருக்கிறேன். தவறான இடத்தில் ஒட்டும் பிழை குறைந்திருக்கிறது. ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அலுவலகத்தில் நடந்த இன்னொரு சங்கதி சுருக்கமாக. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், பிடிஎஃப்பை வேர்டாக மாற்றுவதற்கென்று ஏதோ ஒரு நீட்சியை, அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருளை (எக்ஸ்டென்ஷன்), குரோமில் நிறுவினார். மாற்றியதோ இல்லையோ, அன்று முதல் அவர் தேடுவதெல்லாம் கேள்விப்படாத ஒரு தளத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. நீட்சியை நிறுவும்போது ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்டிருக்கும். அவர் சரி என்று தட்டியிருப்பார். இயல்பு (டிஃபால்ட்) தேடுபொறியை மட்டும் மாற்றினால் மறுபடி பழையபடி ஆகிவிடும். நீட்சியைத் தூக்கியெறிந்த பிறகே தேடுபொறியைத் திருப்பிவைக்க வேண்டும்.

உலாவியில் ‘இன்காக்னிட்டோ’ எனப்படும் மறைநிலைச் சாளரத்தைப் பற்றி நான் நெடுநாள் தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கறுப்புப் பின்னணியும் தொப்பி, கண்ணாடி போட்ட உருவமும் ஏதோ துப்பறியும் கதையை நினைவூட்டுவதால், உள்ளே போனால் யாருக்கும் தெரியாது என்ற மயக்கம் வந்துவிடுகிறது. அது செய்வது ஒன்றுதான்: சாளரத்தை மூடியதும் அந்த அமர்வின் வரலாற்றையும், தளங்கள் நம்மை அடையாளம் காண விட்டுச்செல்லும் குக்கிகள் என்ற சிறு கோப்புகளையும் நம் கணினியில் விட்டுவைக்காது. மறைநிலைக்குள் போய்க் கூகுள் கணக்கில் உள்நுழைந்து தேடினால், தேடல்கள் வழக்கம்போலக் கணக்கில் பதிவாகும். இந்தக் குழப்பம் என்னுடையது மட்டும் அல்ல. மறைநிலையிலும் தங்கள் உலாவல் தரவு திரட்டப்படுகிறது என்று அமெரிக்காவில் பயனர்கள் 2020இல் வழக்குத் தொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் வெளிவந்த சமரச உடன்பாட்டின்படி, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும், மறைநிலை பற்றிய விளக்கத்தைத் தெளிவாக்கவும் கூகுள் ஒப்புக்கொண்டது. இப்போது புதிய மறைநிலைத் தாவலைத் திறந்தால், நீங்கள் போகும் தளங்களும் அவை பயன்படுத்தும் சேவைகளும், கூகுள் உட்பட, தரவு திரட்டும் விதம் இதனால் மாறாது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது என்று தெரிந்தபின் அதை மதித்துப் படிக்கிறேன்.

அந்த வாரம் நான் மறைநிலையில், உள்நுழையாமல் தேடியிருந்தால் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது என்பதும் உண்மை. வீட்டாரிடமிருந்து மறைக்க அது போதும். அலுவலக இணைய இணைப்பில் அது போதுமா என்று ஒரு நண்பர் கேட்டார். தேடுபொறிகள் இப்போது மறையாக்கம் செய்த, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய இணைப்பில்தான் இயங்குகின்றன. எனவே எந்தத் தளத்துக்குப் போனோம் என்பது இணைய இணைப்பை நிர்வகிப்பவருக்குத் தெரிய வாய்ப்புண்டு, என்ன சொல்லைத் தேடினோம் என்பது வழியில் தெரியாது. ஆனால் தேடல் முடிவில் ஒரு மருத்துவமனைத் தளத்தைத் தட்டினால், அந்தத் தளத்தின் பெயர் தெரிந்துவிடும். தவிர, கணினியே அலுவலகத்துடையதாக இருந்து அதில் கண்காணிப்பு மென்பொருள் நிறுவப்பட்டிருந்தால், மறைநிலை ஒன்றும் செய்யாது. சொந்த விஷயத்தைச் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் தேடுங்கள் என்றுதான் அவருக்குச் சொன்னேன்.

தேடுபொறியையே மாற்றிப் பார்த்தேனா என்றால், பாதி மாற்றினேன். உலாவி திறந்ததும் எந்தத் தேடுபொறி இருக்கிறதோ அதையே பெரும்பாலோர் மாற்றாமல் வைத்துக்கொள்கிறார்கள் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த முதல் இடத்தைப் பிடிக்க 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் கூகுள் மீது நடந்த ஒரு வழக்கில் வெளிவந்தது. அதே வழக்கில்தான் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில், தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். நாம் சோம்பல்பட்டு மாற்றாமல் விடும் ஓர் அமைப்புக்கு அவ்வளவு விலை. டக்டக்கோ என்ற தேடுபொறி, தேடல்களை ஆளோடு கோத்து வைப்பதில்லை என்பதையே தன் அடிப்படையாகச் சொல்வது. ஆங்கிலத்தில் மருத்துவம், சட்டம் பற்றித் தேட எனக்கு அது தாராளமாகப் போதுகிறது. தமிழில் ஊர்ப் பெயர், பேருந்து நேரம், உள்ளூர்ச் செய்தி என்று போனால் கைகொடுப்பதில்லை என்பது என் அனுபவம். அதனால் ஃபயர்பாக்ஸில் டக்டக்கோவை இயல்பாக வைத்துக்கொண்டு, மற்றதற்குக் குரோமில் கூகுளைத் திறக்கிறேன். நோயும் பணமும் ஒரு உலாவியில், பேருந்தும் சினிமாவும் இன்னொன்றில் என்று பிரித்துவைத்தது எனக்குப் பழகிவிட்டது.

அடுத்த வாரக் கடைசியில் கோவில்பட்டிக்குப் போனேன். அம்மா போனிலிருந்து என் கணக்கை எடுத்துவிட்டு அவருக்கென ஒரு கணக்கைப் போடுவது பத்து நிமிட வேலை என்று நினைத்துப் போனவனுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது பிடித்தது. அவசரப்பட்டு முதலில் என் கணக்கை நீக்கியிருந்தால் அம்மாவின் தொடர்பு எண்கள் அத்தனையும் போயிருக்கும். இரண்டு ஆண்டுகளாக அவர் சேமித்த பால்காரர், மளிகைக்கடை, சித்தப்பா வீட்டு எண்கள் எல்லாம் என் கணக்கில்தான் சேமிப்பாகியிருந்தன. ஆகவே முதலில் புதிய கணக்கைச் சேர்த்து, தொடர்புகளைக் கோப்பாக ஏற்றுமதி செய்து புதிய கணக்கில் இறக்கி, வாட்ஸப்பின் அரட்டைக் காப்புப் பிரதி எந்தக் கணக்கில் போகிறது என்பதை மாற்றி, ஒருமுறை காப்பெடுத்துச் சரிபார்த்த பிறகே என் கணக்கை நீக்கினேன். போகிற போக்கில்தான் கவனித்தேன்: அந்தப் போனின் குரோமில் என் வங்கித் தளத்தின் கடவுச்சொல்லும் சேமித்தபடி வந்து உட்கார்ந்திருந்தது. புதிய கணக்கின் மீட்பு எண்ணாக அக்காவின் எண்ணைக் கொடுத்தோம். கடவுச்சொல்லை அம்மா தன் ரேஷன் அட்டை வைத்திருக்கும் மஞ்சள் பைக்குள் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டார். எனக்கு அது சரியாகவே பட்டது.

வேலை முடிந்ததும் அந்தப் பேச்சை எடுத்தேன். நான் அவருடைய தேடல்களைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“மாத்திர தீந்து ரெண்டு மாசமாச்சு,” என்றார். “படபடப்பு நின்னுரும்னு பாத்தேன். அக்காகிட்ட சொல்லாத.”

அன்று மாலையே மருத்துவரிடம் போனோம். இரத்த அழுத்தம் கூடியிருந்தது. இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னார். அக்காவிடம் அம்மாவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊருக்குக் கிளம்பும்போது அம்மா போனை எடுத்துக்கொண்டு வந்தார்.

“இப்ப நான் தேடுறது உனக்கு வராதுல்ல?”

“வராதும்மா.”

“உன்னோடது?”

“அதுவும் வராது.”

நம்பவில்லை. என் போனில் ஏதாவது தேடு என்றார். ‘கோவில்பட்டி மதுரை பஸ் நேரம்’ என்று தேடினேன். அம்மா தன் போனின் தேடல் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. இரண்டாவது முறையும் தொட்டுப் பார்த்தார்.

“சரி, நீ அங்கிட்டுப் போய்யா,” என்று என்னைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு, மைக் பொத்தானை அழுத்தி, உள்ளே தணிந்த குரலில் ஏதோ கேட்டார்.